விழுந்தெழும்பும் நாயகன்: கொழும்பில் 12 நிமிட நகைச்சுவைப் படம் எடுக்கும் முறை

கதாநாயகன் சிரிப்புக் காட்ட விழக்கூடாது. எடுத்த வேலையை முடிக்கப் போய் விழவேண்டும். சின்னப் பிள்ளையும் அம்மம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து சிரிக்கிற படம் எடுக்க நினைப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிறகு வருகிற கேள்விகளில் பாதிக்குத் தானாக விடை வரும். வாழைப்பழத் தோலில் சறுக்குவது எல்லாருக்கும் பழகிப்போன பகிடி. ஆனால் சறுக்குகிறவரின் கையில் வேறு யாருடையதோ கலியாணக் கேக் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்குள் அது மேடைக்குப் போகாவிட்டால் அவருக்கு வேலை இல்லை என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால், அதே சறுக்கலுக்கு மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே சொல்லப்படுவதெல்லாம் 12 நிமிடக் குறும்படத்தை மனதில் வைத்துத்தான். இரண்டு சனி ஞாயிறு, ஒரு நல்ல கைத்தொலைபேசி அல்லது சாதாரண கமரா, ஆடாத ட்ரைபொட் ஒன்று, நடிக்க ஆறேழு பேர், உதவிக்கு நாலு பேர் இருந்தால் போதும். இதைவிட நீளமாக எடுக்க ஆசைப்பட வேண்டாம். உடம்பால் செய்யும் பகிடி பார்ப்பவரைச் சீக்கிரம் களைக்க வைக்கும். 20 நிமிடம் தாண்டினால் கதைக்கு இன்னொரு கிளை தேவைப்படும்.

நாயகன் யார்

எதிர்பாராத நாயகன் என்றவுடன் பலர் ஒரு மடையனை எழுதிவிடுகிறார்கள். மடையன் விழுந்தால் ஒரு தரம் சிரிப்பு வரும், அடுத்த தரம் பாவமாக இருக்கும், மூன்றாம் தரம் எரிச்சல் வரும். நாயகன் ஒரு விஷயத்தில் மகா கெட்டிக்காரராக இருக்கவேண்டும். அந்தக் கெட்டித்தனம் படத்தின் தொடக்கத்தில் யாருக்கும் தேவைப்படாததாக, சுற்றி இருப்பவர்களுக்குத் தொல்லையாகக்கூட இருக்கவேண்டும். கடைசியில் அதே பழக்கம்தான் எல்லாரையும் காப்பாற்றவேண்டும். புதுச் சக்தி எதுவும் நடுவில் வந்து ஒட்டக்கூடாது.

விளக்குவதற்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம். பொருள் அறைக்குப் பொறுப்பு அருளப்பு, வயது நாற்பது. எதைக் கண்டாலும் எண்ணுவார், கையில் தூக்கி எடை பார்ப்பார். மனேஜருக்கு அது பெரிய தலையிடி.

"கதிரை வந்திட்டுதோ எண்டுதான் கேட்டனான், அருளப்பு."

"வந்திட்டுது ஐயா. 212. அதில ஒண்டுக்குக் கால் கொஞ்சம் கட்டை."

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது தாலிக்கொடியைக் காணவில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். அருளப்பு மட்டும் மேடைக்குத் தூக்கிப்போகும் மூன்று அடுக்குக் கேக்கைப் பிடித்தபடி நின்றுவிடுகிறார். காலையில் தூக்கிய கேக் இல்லை இது, எடை கூட. 11 பவுண் கொடி என்றால் 88 கிராம், நகைப்பெட்டியோடு கால் கிலோ வரும். யாருக்கும் பிடிபடாத கால் கிலோ அவர் கைக்குப் பிடிபடுகிறது. இப்போது அவரிடமிருந்து கேக்கைப் பறிக்க ஒருவர் ஓடிவருகிறார், அருளப்பு கேக்கோடு ஓடுகிறார். துரத்தல் தொடங்கிவிட்டது, வசனமே தேவையில்லை.

கேக்கைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கலியாண மேடையில் வைக்கும் அடுக்குக் கேக் பெரும்பாலும் ரிஜிபோம் எனும் பாரமற்ற வெள்ளை நுரைப்பலகையில் செய்த கூடு. விருந்தினருக்குக் கொடுக்கும் கேக் துண்டுகள் தனியாகச் சின்னப் பெட்டிகளில் வரும். ஆகவே கூட்டை இரவல் வாங்கலாம், பாரமில்லை, விழுந்தால் யாருக்கும் அடிபடாது, உணவும் வீணாகாது. உள்ளே பொள்ளலாக இருப்பதால் நகைப்பெட்டியை ஒளிப்பதற்கும் பொருத்தம். ஒரே பொருள் கதைக்கும் பகிடிக்கும் பாதுகாப்புக்கும் உதவுகிறது. கதை யோசிக்கும்போதே இப்படியான பொருளைத் தேடுங்கள். நாயகன் படம் முழுக்கக் காவித்திரியக்கூடிய, விழக்கூடாத ஒன்று.

வேண்டாதவையும் சில உண்டு. ஒருவரின் பருமன், நிறம், திக்குவாய், மலையகத் தமிழோ முஸ்லிம்களின் பேச்சோ சிங்களவர் பேசும் தமிழோ பகிடிப் பொருளாக வரக்கூடாது. கொழும்பில் ஒரு மண்டபத்தில் இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் படம் பார்க்கிறார்கள். சோற்றை எறிவதும் வேண்டாம். சோறு தரையில் கொட்டின இடத்தில் பெரியவர்களின் சிரிப்பு நின்றுவிடும், திரும்பக் கொண்டுவர இரண்டு நிமிடம் போகும். குத்துவிளக்கு, நிறைகுடம் போன்றவற்றையும் தட்டிவிடாமல் விடுங்கள். நிறைகுடத்தை நோக்கி ஆள் சறுக்கிப் போவதும், மயிரிழையில் திரும்புவதும் நல்ல பகிடி. உண்மையில் தட்டினால் அது பகிடியில்லை. கள்ளனுக்கும் அடி விழக்கூடாது. அவர் தன் அவசரத்தாலேயே மாட்டுப்படட்டும்.

கடதாசியில் பகிடியை அளத்தல்

ஒவ்வொரு பகிடிக்கும் ஒரு தாள். அதில் நாலு விஷயம் எழுதவேண்டும்: ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் எப்போது காண்கிறார், நாயகன் ஏன் அதைக் காணவில்லை, என்ன நடக்கிறது, நடந்த பிறகு யாருடைய முகத்தைக் காட்டுகிறோம். முதலாவதை விட்டுவிடுவதுதான் புதியவர்களின் படங்களில் அடிக்கடி காணும் பிழை. திடீரென்று ஒருவர் விழுந்தால் பார்ப்பவர் திடுக்கிடுவார். ஈரத் தரையை நாலு விநாடி முன்னதாகவே காட்டி, பிறகு ஆளை வரவிட்டால் சிரிப்பார். நாலு விநாடி என்பது வாசிக்கும்போது குறைவாகத் தெரியும். திரையில் அது தாராளம்.

கேக்கோடு நடக்கும் ஓர் இடத்தை முழுதாகப் பார்ப்போம். மண்டபத்துக் குசினிக்கும் மேடைக்கும் நடுவே 9 மீற்றர் நீளமான ஓடை (ஒடுக்கமான நடைவழி). சுத்தம் செய்கிறவர் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துவிட்டு, வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்: 5 விநாடி. ஓடையின் அந்தக் கோடியில் கேக்கும் இரண்டு கால்களும் தோன்றுகின்றன. கேக்குக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. அவர் ஏன் ஈரத்தைக் காணவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை: 3 விநாடி. நடக்கிறார். ஈரத்துக்கு ஓரடி முன்னால் நிற்கிறார். பார்ப்பவர் தப்பிவிட்டார் என்று நினைக்கவேண்டும். கேக்கின் எடையை ஒரு தரம் ஏற்றி இறக்கிப் பார்க்கிறார், அவருடைய பழக்கம்: 3 விநாடி. பிறகு கால் வைக்கிறார். சறுக்கல் 2 விநாடி. விழவில்லை! ஓடையின் மற்றப் பக்கம் நேராக நின்றபடியே போய்ச்சேருகிறார். பெருமையோடு ஒரு மூச்சு விடுகிறார்: 2 விநாடி. பின்னால் கதவு திறந்து அவர் முதுகில் தட்டுகிறது. கேக் கையை விட்டுப் போய், எதிரே வந்த மாமாவின் கையில் தானாக இறங்குகிறது. மாமாவின் முகம்: 2 விநாடி.

மொத்தம் 17 விநாடி. இதில் உண்மையான விழுதல் ஒன்றுகூட இல்லை. விழுவார் என்று எதிர்பார்த்த இடத்தில் விழாமல், முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் நடப்பதுதான் இதன் உயிர். 12 நிமிடத்துக்கு இந்த அளவில் எட்டு அல்லது ஒன்பது பகிடி போதும். அவற்றில் மூன்று ஒரே பொருளைச் சுற்றி வரட்டும்: ஓடைக் கதவு முதல் தரம் அவரைத் தட்டுகிறது, இரண்டாம் தரம் அவர் குனிந்து தப்புகிறார், மூன்றாம் தரம் அவர் குனிய, பின்னால் வந்த கள்ளனைத் தட்டுகிறது. நாலாம் தரம் அதே கதவு வந்தால் சிரிப்பு வராது.

விழுதல்

வாழைப்பழத் தோல் சறுக்குமா என்ற கேள்விக்கு ஜப்பானில் அளந்தே பார்த்துவிட்டார்கள். தரையில் கிடக்கும் தோலைச் சப்பாத்தால் மிதிக்கும்போது உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.07 (இந்த எண் குறையக் குறையச் சறுக்கல் கூடும்) என்று கண்ட ஆய்வுக்கு 2014இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. தோலின் உட்பக்கம் நசுங்கும்போது வரும் பசைபோன்ற நீர்தான் காரணம். ஆகவே படப்பிடிப்பில் உண்மைத் தோலை ஒருவரும் மிதிக்கக்கூடாது. மஞ்சள் ரெஜினில் வெட்டி, அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டிய போலித் தோல் வைத்துக்கொள்ளுங்கள்; அதிலும் நடிகர் மிதிப்பதில்லை. தோலுக்குக் கமராப் பக்கமாக ஒரு கையளவு தள்ளிக் கால் வைத்தால் மேலே மிதித்த மாதிரியே தெரியும். உண்மைத் தோல் அண்மைக் காட்சிக்கு மட்டும். தோல் பெரிதாகவும் நல்ல மஞ்சளாகவும் இருக்கட்டும்; சின்னப் பழத்தின் தோல் தூரக் காட்சியில் கண்ணுக்குப் படாது. ஓடையில் ஊற்றும் சவர்க்காரத் தண்ணீரும் அதே கதைதான்: ஊற்றுவதை ஒரு ஷொட்டில் எடுத்து, தரையை நன்றாகத் துடைத்து, நடிகர் சறுக்கும் ஷொட்டுக்கு வெறும் தண்ணீரை மெல்லிதாகத் தெளித்தால் போதும். பளபளப்பு ஒன்றுதான் கமராவுக்குத் தேவை. சறுக்கலை நடிகர் காலுறை போட்டுத் தானாகச் செய்யவேண்டும்.

பின்பக்கமாக விழுவதற்குப் பழக ஒரு வாரம் கொடுங்கள். முதல் நாள் நிற்கவே வேண்டாம். பாயில் குந்தியிருந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, மூச்சை வெளியே விட்டபடி பின்னால் உருளவேண்டும். இரண்டு கையும் உடம்புக்கு 45 பாகையில் விரிந்து, உள்ளங்கை கீழே பார்க்க, தோள் தரையில் படும் அதே நேரத்தில் தரையை அறையவேண்டும். அந்த அறை அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும், சத்தமும் தரும். மூன்றாம் நாள் அரைக்குந்தலில் இருந்து. அதன்பிறகுதான் நின்றபடி, அப்போதும் முதலில் முழங்காலை மடித்து இடுப்பைக் கீழே கொண்டுவந்த பிறகே சாயவேண்டும். தடுமாறும்போது கையைப் பின்னால் ஊன்றுவது எல்லாருக்கும் இயல்பாக வரும். மணிக்கட்டு முறிவது அதனால்தான். பழகும் நாட்களில் இரண்டு கையிலும் ஒவ்வொரு காலுறைப் பந்தைப் பிடித்திருக்கச் சொன்னால் கை ஊன்றும் பழக்கம் சீக்கிரம் விடுபடும்.

தரையில் அப்படியே விழும் ஷொட் எடுக்கவேண்டியதில்லை. நடிகர் தடுமாறிப் பிரேமின் கீழ் விளிம்புக்கு வெளியே போவார்; அங்கே 6 அங்குல மெத்தை இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று. மெத்தை வழுக்கி ஓடாமல் அடியில் ரப்பர் விரிப்பு போடவேண்டும். இதை மறந்தால் ஆள் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் போய்விடுவார். அடுத்த ஷொட்டில் அவர் ஏற்கெனவே தரையில் படுத்திருக்கிறார், கால் மட்டும் மேலே. இரண்டையும் ஒட்டினால் முழு விழுதல். முழு உடம்பும் தெரிய ஒரே ஷொட்டில் விழவேண்டும் என்றால் முழங்கை, முழங்கால், வால் எலும்பு மூன்றுக்கும் உடுப்புக்குள் கவசம் போடுங்கள். அருளப்புவுக்குச் சற்றுத் தொளதொளத்த நீளக் கால்சட்டையும் முழுக்கைச் சேட்டும் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சாரத்தோடு ஓடிவிழும் காட்சி வேண்டாம். கால் மாட்டுப்படும், எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்லமுடியாது.

தலையில் தண்ணீர் கொட்டும் பகிடியில் எல்லாரும் உயரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. தலைக்கு 3 மீற்றர் மேலேயிருந்து விழும் எதுவும் மணிக்கு 27 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் தலையில் படும்; ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே பிரேமுக்குச் சற்று மேலே, தலைக்கு ஒரு மீற்றருக்கு உள்ளாகப் பிடித்துச் சாய்க்கவேண்டும். வாளியை ஒருபோதும் கைவிடக்கூடாது. 2 லீற்றர் போதும். வாய் அகன்ற பாத்திரத்திலிருந்து ஊற்றினால் 5 லீற்றர் மாதிரித் தெரியும். தலையில் வாளி கவிழும் காட்சிக்குப் பெயின்ட் வரும் பிளாஸ்டிக் வாளியை நன்றாகக் கழுவி, கம்பிப் பிடியைக் கழற்றி, உள் விளிம்பில் ஸ்பொஞ்ச் ஒட்டி, கமராவுக்குப் பின்பக்கமாக மூச்சுக்கும் பார்வைக்கும் துளை போடவேண்டும்.

முகத்தில் கிறீம் அப்பும் காட்சியை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. கொழும்பு வெக்கையில் அடித்த கிறீம் பத்து நிமிடத்தில் உருகி வழியும், இரண்டாவது டேக்குக்கு முகம், தலைமயிர், உடுப்பு எல்லாம் கழுவவேண்டும். கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே மாதிரிச் சேட்டு மூன்று, மெல்லிய காட்போட் தட்டு, கண்ணை மூடி மூக்கால் மூச்சை வெளியே விடும் பழக்கம். சவரம் செய்யும் நுரையைப் பாவிக்கவே வேண்டாம், கண் எரியும். சீனிப் பாகு காய்ச்சிக் கண்ணாடி செய்யும் முறையும் இங்கே கஷ்டம். ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே ஒட்டத் தொடங்கும். கண்ணாடி உடைவதைப் பிரேமுக்கு வெளியே வைத்துச் சத்தத்தால் சொல்லி, கேட்பவரின் முகத்தைக் காட்டினால் சிரிப்பும் கூட, செலவும் இல்லை.

அறை விழும் காட்சியில் கைக்கும் கன்னத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. கமரா அறைகிறவரின் முதுகுப்பக்கமாக நின்றால் அந்த இடைவெளி தெரியாது. வேகத்தைத் தீர்மானிப்பவர் அடி வாங்குகிறவர்தான்: அவர் கண்ணால் சம்மதம் காட்டிய பிறகே கை புறப்படும்.

பொருட்களுக்குப் புறக்கோட்டை போதும். கெய்சர் வீதியிலும் அதைச் சுற்றிய குறுக்குத் தெருக்களிலும் பிளாஸ்டிக் சாமான், ரெஜின், துணி, கயிறு எல்லாம் ஒரே நடையில் வாங்கலாம். ஆட்டோ ஹோர்ன், பழைய டயர், ஸ்பிரிங் தேடுகிறவர்கள் பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டும். நீளப் பலகையோடு திரும்பும்போது பின்னால் நிற்பவரைத் தட்டும் பகிடிக்கு ரிஜிபோமை 8 அடிக்கு ஒட்டி, மரக்கோடு அச்சடித்த கடதாசி சுற்றுங்கள். காற்றடித்தால் அது வளையும். நடுவில் ஒரு பிவிசி குழாய் ஓடவிட்டு, இரு முனையிலும் குழாய் ஓரடி குறைவாக நிற்கவேண்டும். தட்டும் பகுதி மென்மையாகவே இருக்கும்.

எந்தக் காட்சிக்கும் 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை அங்கே நிற்கும் எல்லாருக்கும் உண்டு, தேத்தண்ணி கொண்டுவரும் தம்பிக்கும்கூட. ஒருவர் சொன்னவுடன் ஏன் என்று கேட்காமல் நிறுத்தவேண்டும். தலையில் அடிபட்டு நினைவு தடுமாறினாலோ வாந்தி வந்தாலோ அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990, கட்டணமில்லை. வெள்ளவத்தைப் பக்கம் எடுக்கிறவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட.

கமரா நிற்கும் இடம்

1928இல் வந்த ஒரு மௌனப் படத்தில், நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீற்றன் மேல் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகச் சாய்ந்து விழும். யன்னல் துளை சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்கும், சுற்றிவர சில அங்குல இடைவெளிதான். அதைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை, எவரும் செய்யக்கூடாது. கவனிக்கவேண்டியது கமராவை. அது தூரத்தில் அசையாமல் நிற்கிறது. தலை முதல் கால் வரை, சுவரும் தரையும் சேர்த்து எல்லாம் ஒரே பிரேமில். வெட்டு இல்லாததால் ஏமாற்று இல்லை என்று பார்ப்பவர் நம்புகிறார்.

ஆகவே கமராவை இடுப்பு உயரத்தில் ட்ரைபொட்டில் பூட்டி, ஆளுக்கு நாலைந்து மீற்றர் தள்ளி வையுங்கள். கைத்தொலைபேசியில் அதி அகல லென்ஸைப் பாவித்தால் ஓரங்கள் இழுபடும், விழுதலும் சின்னதாகத் தெரியும்; பிரதான லென்ஸ்தான் சரி. காலுக்குக் கீழே கொஞ்சம் தரை தெரியவேண்டும். பாதம் வெட்டுப்பட்டால் சறுக்கல் புரியாது. அண்மைக் காட்சி நடந்து முடிந்த பிறகு முகத்துக்கு மட்டும்.

பலருக்குத் தெரியாமல் படம் பழுதாகும் இடம் ஒன்று உண்டு. கைத்தொலைபேசி தானாகவே விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்துக் குழாய் விளக்கிலும் மலிவான எல்இடியிலும் அது துடிதுடித்துத் தெரியும், கோடுகள் ஓடும். ஷட்டரை, அதாவது ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரத்தை, கையால் மாற்ற முடிகிற செயலி ஒன்றில் 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வையுங்கள். வெளிச்சம் கூடினால் 1/100. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எண் வேண்டாம். வெளியே வெயிலில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பழைய மௌனப் படங்களின் துள்ளல் வேகம் வேண்டுமென்றால் நடிகரை அவசரப்படுத்தாதீர்கள். ஒழுங்கான வேகத்தில் எடுத்து, எடிட்டிங்கில் 108 முதல் 115 வீதம் வரை ஓட்டுங்கள். 120 தாண்டினால் ஆள் பொம்மையாகிவிடுவார், அவர்மேல் இருந்த கரிசனை போய்விடும். பேசும் பகுதிக்கு இது சரிவராது. பின்னணியில் கடலலையோ பஸ்ஸோ ஓடினால் வேகம் கூட்டியது உடனே பிடிபடும். அப்படியான ஷொட்டுக்குச் சுவரைப் பின்னணியாக எடுங்கள்.

கொழும்புக்கென்று சில

ஜனவரியும் பெப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். மே தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடிமழை, ஆகவே அந்த மாதங்களில் வெளிக்காட்சியை மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துப்போய் முகபாவம் தெரியாது. காலை 7 முதல் 9.30, பின்னேரம் 4 முதல் 5.45, இவ்வளவுதான் நல்ல வெளிச்சம். ஏசி மண்டபத்திலிருந்து கமராவை வெளியே கொண்டுவந்தவுடன் லென்ஸ் புகைபிடித்த மாதிரி மூடிவிடும். பையில் போட்டு ஸிப்பை இழுத்து, அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு திறக்கவேண்டும். துடைத்துத் துடைத்து எடுப்பதில் பயனில்லை, திரும்பத் திரும்ப மூடும். கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் எடுத்தால் உப்புப் படலத்தை மணிக்கொரு தரம் மென்துணியால் எடுக்கவேண்டும்.

மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம். அதில் ஏறி ஓடும் காட்சி எவ்வளவு அழகாக மனதில் வந்தாலும் கைவிடுங்கள். சட்டப்படி குற்றம், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. துரத்தலை மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்திலும் படிக்கட்டிலும் பக்கத்து ஒழுங்கையிலும் வைத்தால் போதும். ஒழுங்கை என்றாலும் பொலிஸில் முன்கூட்டி எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். காலி முகத்திடல், கோட்டைப் பக்கம், துறைமுகம் தெரியும் இடங்கள் அனுமதி இல்லாமல் சரிவராது. ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமான அதிகார சபையின் அனுமதி வேண்டும். 12 நிமிடப் பகிடிப் படத்துக்கு ட்ரோன் தேவையேயில்லை. 'கள்ளன், கள்ளன்' என்று தெருவில் கத்தும் காட்சிக்கு முன் அந்த ஒழுங்கைக் கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லாரிடமும் இரண்டு மொழியிலும் சொல்லிவிடுங்கள். உதவி செய்ய ஓடிவந்து நடிகரை உண்மையாகவே பிடித்துவிடுவார்கள்.

சத்தம்

படப்பிடிப்பில் பதியும் சத்தத்தை நம்பவேண்டாம். காலையில் காகம், பிறகு ஹோர்ன், இடையில் பாண் விற்றுவரும் சூன் பாண் ஆட்டோவின் இசை. இந்தவகைப் படத்தில் வசனம் குறைவு என்பது பெரிய ஆறுதல். சத்தம் எல்லாவற்றையும் பிறகு ஓர் அறையில் மெத்தை, போர்வை தொங்கவிட்டுப் பதியலாம். ஈரத் துவாயை மேசையில் அறைந்தால் அறை. கோவாவைக் குத்தினால் வயிற்றில் குத்து. கரட்டை முறித்தால் எலும்பு சொடக்கு. சிரட்டை இரண்டு கல்தரையில் தட்டினால் அவசர நடை. சறுக்கலுக்குப் பலூனை ஈர விரலால் தேய்க்கவேண்டும். ஒவ்வொன்றையும் ஐந்தாறு விதமாகப் பதிந்துவையுங்கள். ஒரே சத்தம் இரண்டாம் தரம் வந்தாலே காது கண்டுபிடித்துவிடும்.

அடிச் சத்தம் கை கன்னத்தைக் கடக்கும் பிரேமில் அல்ல, தலை திரும்பத் தொடங்கும் பிரேமில் வரவேண்டும். ஒரு பிரேம் முந்தினாலும் போலி என்று தெரிந்துவிடும். விழுந்த பிறகு இசையையும் நிறுத்தி ஒரு விநாடி முழு அமைதி விட்டுப் பாருங்கள். பெரிய சிரிப்பு அந்த இடைவெளிக்குள்தான் வரும். அந்த அமைதியை இசையால் நிரப்புகிறவர்கள் தங்கள் சிரிப்பைத் தாங்களே மூடுகிறார்கள்.

ஒரு பகிடி முடிந்து நாயகனின் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? ஒன்றரை விநாடியில் தொடங்குங்கள். அவர் அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. கேக் எங்கே என்று தேடவேண்டும். அருளப்புவின் கண் எப்போதும் கேக்கில் இருக்கும்வரை பார்ப்பவர் அவரோடு இருப்பார்.

காட்டிப் பார்த்தல்

முதல் வெட்டை, அதாவது முதல் தரம் ஒட்டி முடித்த படத்தை, அதை எடுத்தவர்களே சேர்ந்து பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. அவர்களுக்கு எல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். படத்தோடு சம்பந்தமில்லாத பத்துப் பன்னிரண்டு பேர், அதில் நாலு பேராவது 6 முதல் 11 வயதுப் பிள்ளைகள், இரண்டு பேர் அறுபது தாண்டியவர்கள், ஒருவராவது தமிழ் தெரியாதவர். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். அறையின் மூலையில் ஒரு தொலைபேசியை வைத்து ஒலியை மட்டும் பதிந்து, பிறகு அதைப் படத்தோடு ஒட்டி எடிட்டிங் கோட்டில் வைத்தால் எந்த விநாடியில் சிரித்தார்கள் என்று அலைவடிவத்திலேயே தெரியும்.

பிள்ளைகள் சிரித்து, பெரியவர்கள் சிரிக்காத இடத்தில் நாயகனின் நோக்கம் மங்கிப்போயிருக்கும். முன்னால் ஒரு ஷொட் சேர்க்கவேண்டும். பெரியவர்கள் சிரித்துப் பிள்ளைகள் திரும்பி அம்மாவைப் பார்த்தால் அங்கே அடி கொஞ்சம் உண்மையாகத் தெரிகிறது. சத்தத்தை இலேசாக்கி, ஆள் எழும்பி நிற்பதை உடனே காட்டுங்கள். தமிழ் தெரியாதவர் ஒரு பகிடியில் பின்தங்கினால் அது வசனத்தில் தங்கியிருக்கிறது. ஒன்றில் சிங்களத்தில் உபதலைப்பு, இல்லாவிட்டால் அந்த விஷயத்தைச் செயலாக மாற்றுவது. எல்லாரும் சேர்ந்து சிரித்து, அடுத்த வசனம் அந்தச் சிரிப்பில் கேட்காமல் போனால் நடுவில் 20, 25 பிரேம் கூட்டுங்கள்.

ஒருவருமே சிரிக்காத பகிடியைத் திருத்தப் பார்க்காமல் வெட்டிவிடுவது நல்லது. எட்டில் இரண்டு இப்படிப் போகும் என்று எதிர்பார்த்தே ஒன்பதாவதை எடுத்து வைத்திருக்கவேண்டும். பொது மண்டபத்தில் திரையிடும் எண்ணம் இருந்தால் தணிக்கைச் சபையின் அனுமதிக்குக் கொடுக்க முன்னமே இந்த வெட்டுகளை முடித்துவிடுங்கள். அனுமதி கிடைத்த பிரதியில் பிறகு கைவைக்கக்கூடாது. இரண்டாம் வெட்டைக் காட்டும்போது முதல் தரம் பார்த்த பிள்ளைகளை அழைக்கவேண்டாம். அவர்கள் கதவு எப்போது திறக்கும் என்று பக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.